டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையும்

பிறர் துன்பங்கண்டு இரங்குவோர் உலகிற் பலர். தமக்கு நேர்ந்த துன்பத்தையே அளவுகோலாகக் கொண்டு பிறர் துன்பத்தை அளந்தறிந்து, அதனைக் களைவதற்குத் தம் வாழ்நாளைச் செலவிடுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தங்கையொருத்தியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த இவ்வம்மையார், முப்பத்தோராண்டு சோர்வின்றி முயன்று அந்நோயாளர்க்கென்றே ஒரு மருத்துவமனையைச் சென்னை அடையாற்றில் நிலைபெறச் செய்தார். அவருடைய வாழ்க்கையையும் அம்மருத்துவமனையின் தோற்ற வளர்ச்சிகளையும் இயன்ற அளவிற் சுருக்கி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். மகாராஜா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், கோயிற்பணிக்கெனப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கமுடைய குலத்தில் தோன்றியவர். இக்குலப் பிறப்பினால் தாயாரும் மக்களும் அடைந்த இழிசொற்கள் பல. பிற்காலத்தில் அம்மையார் எவ்வழக்கத்தை வேரோடு களைய முற்பட்டாரோ, அதன் கொடுமையை அவர் நூல்களிற் படித்தறியவில்லை. தம் வீட்டு முற்றத்திலேயே கண்டறிந்தார்.

இளமையில் அவர் உடல்நலங் குன்றியவர், கண்பார்வையும் மங்கலானது. அக்காலத்துப் பெண்மக்கள் பூப்பெய்தியதும் பள்ளியினின்றும் நிறுத்தப்படுவது வழக்கம். அம்மையாரும் அவ்வாறே நிறுத்தப்பட்டார். ஆயினும் தந்தையார் வீட்டிலேயே பாடங் கற்பித்தார். தாயார் மகளுக்கு மணமுடிக்க விரும்பினார். மகளோ கல்வியையே விரும்பினார். 1902-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்விற் புதுக்கோட்டையிலிருந்து எழுதியவர்களுள் தேறியவர் சிலரே; அச்சிலருள் வீட்டிலிருந்து படித்த இப்பெண்ணும் ஒருவர்.

கல்லூரி வாழ்க்கை

தேறியவர்க்குக் கல்லூரிக் கதவு எளிதில் திறந்துவிடவில்லை. ஆண்மக்களே பயிலும் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று ஊரார் முணுமுணுத்தனர். அவருடைய குலத்தைச் சுட்டி, அவர் வந்தால் மாணவர் ஒழுக்கங் கெடும் என்று கூறியோரும் உளர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டு, உதவித்தொகையும் அளித்தார். அக்கல்லூரியின் முதல் மாணவி அவரே.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். ஐந்தாண்டுகள் பயின்று, பரிசுகளும் பதக்கங்களும் பல பெற்று, 1912-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். இந்தியப் பெண்மணி ஒருவர் அக்கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெறுவது அந்நாளில் அரிய செய்தி. பின்னர் எழும்பூர் அரசாங்க மகப்பேற்று மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராக அமர்ந்த முதற்பெண்மணி என்னும் சிறப்பையும் எய்தினார்.

இன்று நம் வகுப்பறைகளில் மாணவியர் மாணவரோடு ஒப்ப அமர்ந்திருக்கின்றனர். இஃது இயல்பாக அமைந்ததென்று நாம் எண்ணிவிடுகின்றோம். ஊரார் பேச்சை ஒவ்வொரு நாளும் செவியிற் கேட்டுக்கொண்டே கல்லூரி வாயிலை மிதித்த ஒரு பெண்ணின் அடிச்சுவட்டின்மேல் நாம் நடக்கின்றோம் என்பதை மறத்தல் கூடாது.

இல்லறமும் ஒரு மரணமும்

1914-ஆம் ஆண்டு அம்மையார் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மை ஒத்த உரிமையுடையவராக நடத்தவேண்டும், தம் விருப்பங்கட்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அவர் அம்மணத்திற்கு இசைந்தார். கணவனார் அவ்வுறுதியை இறுதிவரை காத்தார். இருவர் ஆண்மக்கள் பிறந்தனர். இளையவராகிய கிருஷ்ணமூர்த்தியைப் பின்னர் இக்கட்டுரையில் மீண்டும் காண்போம்.

மருத்துவத் தொழில் செழித்து வந்த காலத்தில், 1923-ஆம் ஆண்டு, அம்மையாரின் தங்கையார் புற்றுநோயால் மாண்டார். உடன்பிறந்தாருள் மூத்தவர் அம்மையார், மருத்துவரும் அவரே. ஊரார் பலருடைய நோயைத் தீர்த்த கைகள் உடன்பிறந்தாளின் நோய்க்குமுன் செயலற்று நின்றன. இதனை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. அந்நாளிற் சென்னையிற் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இல்லை. நோய் முற்றிய பின்னரே அறியப்படும்; அறியப்பட்ட பின்னர்ச் செய்வதற்கு யாதும் இராது; வலிக்கு மருந்தும் உற்றார்க்கு ஆறுதலுமே எஞ்சும்.

1925-ஆம் ஆண்டு அரசாங்க உதவித்தொகை பெற்று மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். இலண்டன் செல்சியிலுள்ள பெண்கள் மருத்துவமனையிற் பயின்றார். அந்நகரிற் புற்றுநோய்க்கென்றே அமைந்த அரச மருத்துவமனை அவர் நெஞ்சைக் கவர்ந்தது. அம்மருத்துவமனையின் தோற்றமும் ஒரு துயரத்தின் விளைவே. வில்லியம் மார்ஸ்டன் என்னும் மருத்துவர் தம் மனைவியைப் புற்றுநோய்க்கு இழந்தார்; அந்நோயைப் பற்றித் தம் தொழிலினர் ஒன்றும் அறியாதிருப்பதைக் கண்டு நொந்தார்; ஏழை நோயாளர்க்கு இலவசமாக மருத்துவம் செய்யவும் நோயின் இயல்பை ஆராயவும் 1851-ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். மனைவியை இழந்த ஒருவர் அமைத்த மனையைத் தங்கையை இழந்த ஒருவர் கண்டு நின்றார். இத்தகையதொன்று நம் நாட்டிற்கும் வேண்டும் என்னும் எண்ணம் அம்மையார் உள்ளத்தில் வேரூன்றியது.

நாட்டுப்பணி

இங்கிலாந்தினின்றும் திரும்பியதும் மருத்துவமனை வேலையைத் தொடங்க இயலாதவாறு வேறொரு பொறுப்பு வந்து சேர்ந்தது. சென்னைச் சட்டசபைக்கு அவர் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அச்சபையினர் ஒருமனதாக அவரை உபதலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். இந்திய நாட்டுச் சட்டசபையில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. பெண்களின் மணவயதை உயர்த்துதல், பள்ளிச் சிறுவர் சிறுமியரின் உடல்நலத்தைச் சோதித்தல், விபசார விடுதிகளை ஒழித்தல் முதலிய பல துறைகளில் அவர் உழைத்தார்.

அவற்றுள் தலையாயது கோயில்களிற் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நீக்கும் முயற்சி. எதிர்ப்பு வைதிகர்பால் மட்டுமின்றி, அக்குலத்துப் பெண்களுள் ஒருசாரார்பாலிருந்தும் எழுந்தது; தங்கள் கலையும் வாழ்வும் அழியும் என்று அவர்கள் அஞ்சினர். 1929-ஆம் ஆண்டு ஒரு திருத்தச் சட்டம், கோயிற்பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களை அப்பணியினின்றும் விடுவித்து அப்பெண்கட்கே உரியதாக்க வழிசெய்தது. வழக்கத்தை முற்றும் தடுக்கும் சட்டம் நிறைவேற 1947-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே, பொட்டுக்கட்டும் குலத்திற் பிறந்து அவ்வாழ்வை வெறுத்து வெளியேறிய சிறுமியர் சிலர் அவர் இல்லத்தை வந்தடைந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் முன்வரவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்கட்கு இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. சட்டம் இயற்றுவதோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. சட்டத்தால் வெளிவந்தவர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் தரவேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவமனை முயற்சியிலும் இக்குணமே விளங்கக் காண்கின்றோம்.

நெடுங்காத்திருப்பு

1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் அம்மையார் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று வற்புறுத்தினார். பின்னர் உலகப்போர் மூண்டது. பம்பாயில் 1941-ஆம் ஆண்டு டாட்டா நினைவு மருத்துவமனை தோன்றியது. தென்னாட்டில் அத்தகைய நிலையம் தோன்றவில்லை. அரசாங்கத்தாரிடம் அம்மையார் விண்ணப்பித்தபோது கிடைத்த விடை மனத்தைத் தளர்விப்பது. புற்றுநோய் கண்டோர் எவ்வாறாயினும் இறப்பவரே. அவர்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே அதன் கருத்து.

இவ்விடை ஒருவருடைய கொடுமையால் பிறந்ததென்று யாம் கொள்ளவில்லை. அஃது அந்நாளில் நாட்டினர் அனைவருடைய எண்ணமும் ஆகும். இன்றும் முற்றும் அழிந்துவிடவில்லை. எம் பாட்டியார் தம் மார்பில் தோன்றிய கட்டியை ஓராண்டிற்கு மேலாக ஒருவர்க்கும் காட்டாது மறைத்து வைத்திருந்தார். நாணம் ஒரு காரணம். சொன்னாலும் பயன் இல்லை, பிள்ளைகட்குச் செலவே மிஞ்சும் என்னும் எண்ணம் மற்றொரு காரணம். மறைப்பு வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அவர் இறந்த பின்னரும் எம் வீட்டில் நோயின் பெயரை ஒருவரும் உரக்கச் சொன்னதில்லை. இறப்பவர்க்கு மருத்துவமனை எதற்கு என்று அரசாங்கத்தார் வினவியதும், சாகப்போகிறவளுக்குச் செலவு எதற்கு என்று எம் பாட்டியார் எண்ணியதும் ஒன்றே அன்றோ? மருத்துவமனை இல்லாமையால் நோயாளர் முற்றிய நிலையிலேயே வருவர். முற்றி வருதலால் இறப்பர். இறத்தலால் மருத்துவமனை வேண்டா என்பர். இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். அம்மையார் அறுக்கத் துணிந்தார்.

மருத்துவமனையின் தோற்றம்

அரசாங்கம் முன்வராவிடினும் மக்கள் முன்வருவர் என்று அவர் நம்பினார். 1949-ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பிற் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். அறுபது வயதைக் கடந்த மூதாட்டியார் பொருளுடையார் இல்லங்களை நாடிச் சென்று உதவி வேண்டினார். இளைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இந்நோய் மருத்துவத்தில் வெளிநாடுகளிற் பயிற்சி பெற்றுத் திரும்பி அன்னைக்குத் துணைநின்றார்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் பிரதமர் ஜவாகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18-ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கியிருந்தது. தங்கையார் மறைந்து முப்பத்தோராண்டுகள் கழிந்திருந்தன.

திறந்த நாளில் இருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. கட்டடம் சிறியது, கருவிகள் சில, பணியாளர் மிகச் சிலர். மறு ஆண்டு டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண் வந்து சேர்ந்தார். அரசாங்கப் பெண்கள் மருத்துவமனையில் அவருக்கு நிலையான பதவி காத்திருந்தது. அதனை விடுத்து, நாளை நிலைக்குமோ நிலையாதோ என்று பலரும் ஐயுற்ற இச்சிறு மனையை அவர் தேர்ந்தார். முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பணியாற்றினார். பின்னர்த் திங்கள் ஒன்றுக்கு 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க ஓரிடமும் அளிக்கப்பெற்றன. அவ்வளாகத்தைவிட்டு அவர் பின்னர் நீங்கவேயில்லை.

நோயாளர் நிலையையும் சிறிது கூறுதல் வேண்டும். அக்காலத்திற் சென்னையில் வந்தோருள் பெண்கட்குக் கருப்பைக் கழுத்திலும், ஆண் பெண் இருபாலார்க்கும் வாயிலும் தோன்றும் புற்றே மிகுதி. வாய்ப்புற்றிற்குப் புகையிலையை வெற்றிலையோடு சேர்த்து அடக்கிவைக்கும் பழக்கம் பெருங்காரணம். வந்தவருட் பெரும்பாலோர் ஏழைகள். கத்தியால் அறுத்தல் ஒரு முறை. கதிர்களாற் சுடுதல் மற்றொரு முறை. பழைய எக்ஸ்ரே கருவிகளின் கதிர் தோலைப் புண்படுத்தும். உடலின் ஆழத்திலுள்ள கட்டியைச் செவ்வையாகச் சென்று தாக்காது. கோபால்ட்டு என்னும் உலோகத்தினின்று எழும் கதிரோ தோலைப் பெரிதும் வருத்தாது ஆழத்திற் பாயும். 1957-ஆம் ஆண்டிலேயே இச்சிறு மருத்துவமனை கோபால்ட்டுக் கருவியைப் பெற்றுவிட்டது. ஆசியக் கண்டத்தில் அத்தகைய கருவிகள் அந்நாளில் மிக அரியன. படுக்கைகள் குறைவாயினும் மருத்துவத்தின் தரம் குறைதலாகாது என்னும் உறுதியை இதனால் அறியலாம்.

மருத்துவமனையின் வளர்ச்சி

1956-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அம்மையார்க்குப் பத்மபூஷண் விருதளித்தது. 1960-ஆம் ஆண்டு குழந்தைகட்கெனத் தனிப்பகுதி ஒன்று மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இரத்தப் புற்று முதலியவற்றால் வாடிய குழந்தைகள் பிழையார் என்றே எண்ணப்பட்ட காலம் அது. அம்முடிவை ஏற்காது தொடங்கிய அப்பகுதியில், பிற்காலத்தில் மருந்துகளின் துணையால் குழந்தைகள் பலர் நலம்பெற்று வளர்ந்து வாழ்கின்றனர்.

1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். எண்பத்திரண்டு நிறைய எட்டு நாட்களே குறைவு. தோற்றுவித்தவர் மறைந்தபின் நிலையங்கள் தளர்தல் உலகியல்பு. இம்மனை தளரவில்லை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனைத் தம் தோள்மேல் ஏற்றனர். 1975-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அதனை மண்டலப் புற்றுநோய் நிலையமாக ஏற்றுக்கொண்டது. இறப்பவர்க்கு மருத்துவமனை எதற்கு என்னும் வினாவிற்கு இவ்வேற்பே விடையாயிற்று.

மருத்துவமனை நோயாளரைக் காப்பதோடு அமையாது, மருத்துவரையும் ஆக்கவேண்டும் என்னும் நோக்கால் 1984-ஆம் ஆண்டு அங்கே கல்லூரியொன்று எழுந்தது. அது முத்துலட்சுமி அம்மையார் பெயரையே தாங்கி நிற்கின்றது. புற்றுநோய் மருத்துவத்திலும் அறுவையிலும் உயர்பட்டங்கட்கு மாணவரைப் பயிற்றும் இக்கல்லூரி, பின்னர்த் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்லூரிக் கதவு திறவாது நின்ற ஒரு பெண்ணின் பெயரால் ஒரு கல்லூரியின் கதவு திறந்திருப்பது எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது.

1982-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரில் தோன்றும் புற்றுநோய்களைத் தொகுத்துக் கணக்கிடும் பதிவகம் ஒன்றும் அங்கு இயங்குகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்று நகரத்துப் பெண்களிடையே ஆண்டுதோறும் குறைந்து வருவதையும், மார்புப் புற்று மிகுந்து முதலிடம் பெற்றதையும் இப்பதிவகமே காட்டிற்று. எந்நோய் எவ்விடத்தில் எவர்க்கு மிகுகின்றதென்று அறியாமல் அதனைத் தடுத்தல் இயலாது. ஆகவே கணக்கெடுப்பும் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆம்.

பன்னிரண்டு படுக்கைகளோடு பிறந்த மனையில் இன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. பொருளற்றவர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெறும் முறை தொடக்கநாள் தொட்டு மாறவில்லை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-ஆம் ஆண்டு மறைந்தார். டாக்டர் சாந்தா 2005-ஆம் ஆண்டு மகசேசே பரிசும் 2016-ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருதும் பெற்று, 2021-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19-ஆம் நாள் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். அம்மையாரின் பிறந்தநாளாகிய ஜூலை 30-ஐத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகின்றது.

முடிவுரை

அம்மையார் வாழ்வில் யாம் கண்டு வியப்பது அவருடைய கல்வியை அன்று; பதவியை அன்று; காத்திருத்தலையே. துயரம் அனைவர்க்கும் வருகின்றது. சில நாள் அழுகின்றோம்; சில திங்கள் நினைக்கின்றோம்; பின்னர்க் காலம் அதனை ஆற்றிவிடுகின்றது. அம்மையார் தம் துயரம் ஆறிப்போக இடங்கொடுக்கவில்லை. முப்பத்தோராண்டு அதனை நெஞ்சிற் சுமந்து, மறுப்பு வந்தபோதெல்லாம் மீண்டும் சென்று கேட்டு, இறுதியில் அதனை நோயாளர் ஆயிரவர்க்குரிய இல்லமாக மாற்றினார். தங்கையொருத்திக்குச் செய்ய இயலாததைப் பிறர் தங்கையர்க்குச் செய்தார்.

இக்கட்டுரையைப் படிக்கும் தோழர்களும் தோழியரும் எல்லோரும் மருத்துவமனை கட்டுதல் இயலாது. ஆயினும் ஒன்று இயலும். விடுமுறையில் நாம் ஊருக்குச் செல்வோம். அங்கே நம் அன்னையரும் பாட்டியரும் அத்தையரும் தம் உடலில் தோன்றிய ஒன்றை நாணத்தால் மறைத்து வைத்திருத்தல் கூடும். நோயின் பெயரை அஞ்சாது சொல்லி, தொடக்கத்திற் கண்டால் தீர்க்கலாம் என்பதை எடுத்துரைத்து, கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம்மால் ஆகும். எம் பாட்டியார்க்கு இதனைச் செய்ய யாம் அறிந்திலேம். அறிந்த பின்னரும் வாளா இருத்தல் அம்மையார் பிறந்த நாட்டிற் பிறந்த நமக்குத் தகாது.